நாற்காலி யாருடையது? பெருநிறுவனச் சண்டைகளில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது

பெரிய நிறுவனமொன்றில் அதிகாரச் சண்டை மூண்டால் செய்தித்தாளில் தெரிவது இரண்டு முகங்கள். ஒருவர் தலைவர், இன்னொருவர் அவரை எதிர்ப்பவர். முடிவைத் தீர்மானிப்பவை அந்த முகங்களுக்குப் பின்னால் இருக்கின்றன: பங்குகள் யார் பெயரில் உள்ளன, இயக்குநர் குழுவில் எத்தனை வாக்கு யார் பக்கம், நிறுவனத்தின் விதிகளில் என்ன எழுதியிருக்கிறது என்ற மூன்றும். நல்ல காலத்தில் இந்த மூன்றும் பெட்டிக்குள் கிடக்கும். சண்டை வந்து வழக்கு நடக்கும்போதுதான் கடிதங்களும் கூட்டக் குறிப்புகளும் பங்குக் கணக்கும் நீதிமன்றத்தின் வழியாகப் பொதுவெளிக்கு வருகின்றன. பிறர் செலவில் நடக்கும் இந்தப் பாடத்தைப் படிக்க யாரும் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

இது பங்குச் சந்தையில் முதலீடு செய்பவர்களுக்கு மட்டும் உரிய படிப்பு என்று நினைப்பது சரியாகாது. தருமபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூர் போன்ற ஒரு பேரூரிலும் அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் கடை, நண்பர்கள் நான்கு பேர் பணம் போட்ட பைனான்ஸ், மச்சான் பெயரில் உரிமம் வாங்கி மாமன் முதல் போட்ட ஆலை என்று கூட்டுத் தொழில்கள் இருக்கத்தான் செய்யும். அவற்றில் வரும் தகராறுக்கும் மும்பையில் நடக்கும் தகராறுக்கும் தொகையில்தான் வித்தியாசம். கேள்விகள் ஒன்றே.

முதலில் சட்டத்தின் அடிப்படை. நிறுவனத்தின் உரிமை பங்குதாரர்களிடம் இருக்கிறது. நடத்தும் பொறுப்பு அவர்கள் தேர்ந்தெடுக்கும் இயக்குநர் குழுவிடம். அன்றாட வேலை குழு நியமிக்கும் நிர்வாகியிடம். பங்குதாரர் கூட்டத்தில் சாதாரணத் தீர்மானம் நிறைவேற, பதிவான வாக்கில் பாதிக்கு மேல் போதும். இயக்குநர் ஒருவரை நீக்கப் பொதுவாக இந்தச் சாதாரணத் தீர்மானமே போதுமானது. முன்னறிவிப்பு கொடுத்து, அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்பும் தர வேண்டும். நிறுவனத்தின் விதிகளை மாற்றுவது போன்ற பெரிய முடிவுகளுக்குச் சிறப்புத் தீர்மானம் தேவை: ஆதரவு வாக்கு எதிர்ப்பு வாக்கைப் போல் குறைந்தது மூன்று மடங்கு இருக்க வேண்டும். அதனால் பாதிக்கு மேல் பங்கு வைத்திருப்பவர் ஆளலாம். கால் பங்குக்கு மேல் வைத்திருப்பவர் பெரிய மாற்றங்களைத் தடுக்கலாம். அதற்கும் கீழே இருப்பவர் விதிகளில் தனக்கென எழுதி வாங்கியிருந்தால் ஒழிய, பெரும்பான்மையின் நல்லெண்ணத்தை நம்பித்தான் இருக்கிறார். அந்தக் கடைசி நிலையை இந்தியா முழுவதற்கும் விளக்கிக் காட்டியது டாடா வழக்கு.

டாடா குழுமத்தின் தலைமை நிறுவனம் டாடா சன்ஸ். அதன் பங்குகளில் சுமார் 66 சதவீதம் டாடா அறக்கட்டளைகளிடம் இருக்கிறது. தனியொரு குடும்பமாக அடுத்த பெரிய பங்கு, சுமார் 18.4 சதவீதம், ஷாபூர்ஜி பல்லோன்ஜி குழுமத்துடையது. அந்தக் குடும்பத்தின் சைரஸ் மிஸ்திரி 2006இல் இயக்குநராகச் சேர்ந்து, 2012 டிசம்பரில் ரத்தன் டாடாவுக்குப் பின் தலைவரானார். நான்கு ஆண்டுகூட முழுதாக முடியவில்லை. 2016 அக்டோபர் 24 அன்று நடந்த இயக்குநர் குழுக் கூட்டத்தில் அவர் தலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அச்சிட்ட நிகழ்ச்சி நிரலில் அந்த விஷயம் இல்லை. ஒன்பது பேர் குழுவில் ஆறு பேர் நீக்கத்துக்கு வாக்களித்தார்கள், இருவர் வாக்களிக்காமல் ஒதுங்கினார்கள், மீதமிருந்தவர் மிஸ்திரி.

இதைத் திடீர்த் தாக்குதல் என்று பலர் எழுதினார்கள். பார்க்கத் தெரிந்தவருக்கு முன்குறி இருந்தது: இரண்டு மாதங்களுக்கு முன், ஆகஸ்டில்தான், குழுவில் புதிய இயக்குநர்கள் சேர்க்கப்பட்டிருந்தார்கள். டிவிஎஸ் மோட்டாரின் வேணு சீனிவாசனும் அஜய் பிரமலும் அப்போது வந்தவர்கள். நியமனங்களின் நோக்கம் எதுவாக இருந்தாலும், அன்றே அறையின் வாக்குக் கணக்கு மாறிவிட்டது. எந்தக் குழுவிலும் ஆட்கள் சேரும் நாளும் விலகும் நாளும் கவனிக்கத் தக்கவை. அதிகாரம் கைமாறுவதன் முதல் தடயம் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

அடுத்து நடந்தது இன்னும் நுட்பமானது. டாடா சன்ஸ் தலைவர் பதவி போனாலும் டிசிஎஸ், டாடா ஸ்டீல், டாடா மோட்டார்ஸ், இந்தியன் ஹோட்டல்ஸ் முதலிய பட்டியலிட்ட நிறுவனங்களில் மிஸ்திரி இயக்குநராகவே இருந்தார். இந்தியன் ஹோட்டல்ஸின் சுயேச்சை இயக்குநர்கள் அவருக்கு ஆதரவாக அறிக்கையும் விட்டார்கள். உடனே ஒவ்வொரு நிறுவனத்திலும் சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டப்பட்டது. டிசிஎஸ் பங்குதாரர்கள் டிசம்பர் 13 அன்று அவரை நீக்க, அடுத்த வாரமே மற்ற நிறுவனங்களிலிருந்து அவர் தாமாக விலகிக்கொண்டார். அவர் பக்கம் நின்ற நுஸ்லி வாடியா என்ற சுயேச்சை இயக்குநரும் டாடா ஸ்டீல், டாடா மோட்டார்ஸ், டாடா கெமிக்கல்ஸ் ஆகிய மூன்றிலும் வாக்கெடுப்பில் நீக்கப்பட்டார். சிறுபங்குதாரர்களின் காவலராகச் சட்டம் வைத்திருக்கும் சுயேச்சை இயக்குநர், பெரிய பங்குதாரர் கோபித்தால் எத்தனை நாள் நிற்க முடியும் என்பதை அந்த டிசம்பர் காட்டியது. அந்த ஏற்பாட்டின் மிகப் பலவீனமான இடமாக அப்போது இருந்தது அதுதான்.

வழக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. மிஸ்திரி குடும்பத்தின் இரண்டு நிறுவனங்கள் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் மும்பை அமர்வுக்குப் போயின. சிறுபான்மைப் பங்குதாரரை ஒடுக்குகிறார்கள், நிர்வாகம் சீர்கெட்டிருக்கிறது என்று முறையிட 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் வழி தருகிறது. ஆனால் வாசலிலேயே ஒரு தடை. அப்படி மனுப் போட நிறுவனத்தின் மொத்தப் பங்கு மூலதனத்தில் பத்தில் ஒரு பங்காவது வைத்திருக்க வேண்டும். வாக்குரிமையுள்ள சாதாரணப் பங்குகளில் 18.4 சதவீதம் வைத்திருந்தும், முன்னுரிமைப் பங்குகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோது அவர்களின் அளவு சுமார் இரண்டு சதவீதமாகச் சுருங்கிவிட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் விதிவிலக்கு அளித்த பிறகுதான் வழக்கே நகர்ந்தது. எத்தனை சதவீதம் என்று கேட்டால் போதாது, எதில் எத்தனை சதவீதம் என்று கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

2018 ஜூலையில் தீர்ப்பாயம் மனுவைத் தள்ளியது. 2019 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதைத் தலைகீழாக்கி, மிஸ்திரியை மீண்டும் தலைவராக்கச் சொன்னது. சில வாரங்களில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2021 மார்ச் 26 அன்று இறுதித் தீர்ப்பு முழுக்க டாடா பக்கம் வந்தது. ஒருவரைத் தலைவர் பதவியிலிருந்து நீக்குவது மட்டும் பங்குதாரரை ஒடுக்குவதாகாது என்பது அதன் மையம். அறக்கட்டளைகள் நியமிக்கும் இயக்குநர்களின் சம்மதம் இல்லாமல் முக்கிய முடிவு எடுக்க முடியாது என்ற விதியையும் நீதிமன்றம் ஏற்றது. மிஸ்திரி தரப்பு அந்த விதிகள் இருப்பது தெரிந்தே உள்ளே இருந்தது, அவற்றுக்கு உடன்பட்டும் இருந்தது. தந்தை பல்லோன்ஜி மிஸ்திரி பல ஆண்டு குழுவில் அமர்ந்திருந்தார், பின் மகன் அமர்ந்தார். குடும்பம் அதை உரிமை என்று நினைத்திருக்கலாம். ஆனால் குழுவில் இடம் தர வேண்டும் என்று எந்த விதியிலும் எழுதி வாங்கியிருக்கவில்லை. வழக்கமாக நடந்துவந்த ஒன்றை நீதிமன்றத்தில் உரிமையாக நிறுவ முடியவில்லை.

இதில் இன்னொரு வலியும் உண்டு. டாடா சன்ஸ் 2017இல் தனியார் வரையறு நிறுவனமாக மாற முடிவெடுத்தது. அதன் பங்குகளை வெளியாருக்கு விருப்பப்படி விற்க விதிகள் விடுவதில்லை. 2020இல் கடன் நெருக்கடியில் இருந்த ஷாபூர்ஜி பல்லோன்ஜி குழுமம் அந்தப் பங்குகளை அடமானம் வைக்க முயன்றபோது டாடா தரப்பு உச்ச நீதிமன்றம் சென்றது; செப்டம்பரில் இருந்த நிலை தொடர உத்தரவு வந்தது. அந்தக் குழுமத்தின் கணக்கில் ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிய சொத்து, அவசரத்துக்குக் கைகொடுக்கவில்லை. சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பரில் பால்கர் அருகே நடந்த சாலை விபத்தில் இறந்தார். தலைவர் நாற்காலிக்கு 2017லேயே வந்துவிட்டவர் நாமக்கல் மாவட்டம் மோகனூரில் பிறந்த என். சந்திரசேகரன். டாடா குடும்பத்தையோ மிஸ்திரி குடும்பத்தையோ சேராத அவர், குழுமத்துக்குள்ளேயே டிசிஎஸ்ஸில் படிப்படியாக உயர்ந்தவர்.

தமிழ்நாட்டின் சொந்த எடுத்துக்காட்டு முருகப்பா குழுமம். 1900இல் பர்மாவில் தொடங்கிய வணிகம், 1930களில் சென்னைப் பக்கம் இடம்பெயர்ந்தது. பிஎஸ்ஏ, ஹெர்குலிஸ் சைக்கிளும் கோரமண்டல் உரமும் சோழமண்டலம் வண்டிக் கடனும் இவர்களுடையவை. இவற்றின் மேல் அமர்ந்திருக்கும் குடும்ப முதலீட்டு நிறுவனம் அம்பாடி இன்வெஸ்ட்மெண்ட்ஸ். குடும்பக் கிளைகளின் ஆண்கள் அதன் குழுவில் அமர்வது வழக்கம். 2017இல் எம்.வி. முருகப்பன் மறைந்தபோது அவருக்கு மகன் இல்லை, இரண்டு மகள்கள். எட்டு சதவீதத்துக்குச் சற்று மேற்பட்ட அவர்களின் பங்குக்கு, மூத்த மகள் வள்ளி அருணாச்சலம் குழுவில் ஓர் இடம் கேட்டார். அணு அறிவியல் படித்து அமெரிக்காவில் வாழ்பவர். ஓர் இடம் கொடுங்கள், அல்லது நியாயமான விலைக்குப் பங்குகளை வாங்கிக்கொள்ளுங்கள் என்பதே 2020 தொடக்கத்தில் அவர் பகிரங்கமாக வைத்த கோரிக்கை. அந்த ஆண்டு செப்டம்பரில் நடந்த பொதுக்கூட்டத்தில் 91 சதவீதத்துக்கு மேற்பட்ட வாக்குகள் அவருக்கு எதிராக விழுந்தன.

கணக்கைப் பார்த்தால் அந்த முடிவில் வியப்பில்லை. எட்டு சதவீதத்தைக் கழித்தால் மீதி ஏறத்தாழ மொத்தமும் மறுபக்கம். பங்குச் சந்தையில் பட்டியலிடாத குடும்ப நிறுவனத்தில் சிறு பங்கு வைத்திருப்பவருக்கு வாக்கும் பயன்படாது, விற்கவும் வாங்குவோர் கிடையாது. ஆனாலும் வள்ளியிடம் வேறு இரண்டு வலிமைகள் இருந்தன. ஒன்று, பெண் என்பதால் மறுக்கிறார்கள் என்ற அவரது குற்றச்சாட்டு பொதுவெளியில் நின்றது; நூற்றாண்டுப் பெயர் கொண்ட குடும்பத்துக்கு அதைத் தள்ளிவிடுவது எளிதாக இருக்கவில்லை. மற்றது, தீர்ப்பாயத்துக்குப் போகும் துணிவு. சென்னையில் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2023 ஆகஸ்டில் குடும்பம் சமரச உடன்பாட்டை அறிவித்தது. விவரங்கள் வெளியிடப்படவில்லை. வாக்கில் தோற்றவர் பேச்சுவார்த்தையிலும் தோற்க வேண்டியதில்லை என்பது இந்த வழக்கு தரும் செய்தி. மகளுக்கு உரிய இடம் எது என்ற கேள்வியைத் தந்தை உயிருடன் இருக்கும்போதே குடும்பம் பேசி முடித்திருந்தால் அந்த ஆறு ஆண்டுக் கசப்பு நேர்ந்திருக்காது என்பதும் அதே அளவு உண்மை.

பங்கு குறைவாக வைத்துக்கொண்டு நிறுவனத்தைத் தம்முடையதாகவே நடத்துபவர்களின் கதை வேறு. 1983இல் லண்டன் தொழிலதிபர் ஸ்வராஜ் பால், டெல்லியின் எஸ்கார்ட்ஸ், டிசிஎம் நிறுவனங்களின் பங்குகளைச் சந்தையில் வாங்கத் தொடங்கினார். எஸ்கார்ட்ஸை நடத்திய நந்தா குடும்பத்திடம் இருந்த பங்கு மிகச் சிறியது. பாதிக்கும் மேல் எல்ஐசி முதலிய அரசு நிதி நிறுவனங்களிடம் இருந்தது. பங்குகளைப் பால் பெயருக்கு மாற்றிப் பதிய நிறுவனம் மறுத்தது. எல்ஐசி, இயக்குநர்களை நீக்கக் கூட்டம் கூட்டச் சொன்னது. 1985 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பங்குதாரர் அப்படிக் கூட்டம் கேட்கக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்றது. பால் பிறகு பங்குகளை விட்டு விலகினார். ஆனால் நாடெங்கும் தொழில் குடும்பங்கள் தங்கள் பங்கேட்டைத் திறந்து பார்க்கத் தொடங்கின.

நாற்பது ஆண்டு கழித்துச் சென்னையில் நடந்ததற்குச் சத்தமே இல்லை. 1946இல் தொடங்கி நெல்லைச் சீமையின் தாழையூத்தில் வேரூன்றிய இந்தியா சிமெண்ட்ஸ் கடன் சுமையில் இருந்தபோது, 2024 ஜூனில் அல்ட்ராடெக் சிமெண்ட் நிறுவனம் அதன் சுமார் 23 சதவீதப் பங்கை வெளி முதலீட்டாளர்களிடமிருந்து வாங்கியது. அடுத்த மாதமே நிறுவனர் தரப்பும் அதைச் சார்ந்தவர்களும் தங்கள் 32.72 சதவீதத்தைப் பங்குக்கு 390 ரூபாய் வீதம் விற்க ஒப்புக்கொண்டார்கள். டிசம்பரில், நிறுவனத்தை நடத்திவந்த என். சீனிவாசன் பொறுப்பிலிருந்து விலகினார். சிறுமுதலீட்டாளர் இங்கே கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. பட்டியலிட்ட நிறுவனத்தின் 25 சதவீதத்தை ஒருவர் எட்டினால், மற்றப் பங்குதாரர்களிடமிருந்து மேலும் 26 சதவீதம் வாங்க அவர் பகிரங்கமாக முன்வர வேண்டும். அந்த முன்வருகையும் இங்கே 390 ரூபாய் விலையிலேயே வந்தது. அறைக்குள் நடந்த பேரத்தின் விலை, பத்துப் பங்கு வைத்திருந்தவருக்கும் எட்டியது.

வாரிசுப் பிரிவினையில் இரண்டு எதிரெதிர் பாடங்கள் உள்ளன. திருபாய் அம்பானி 2002 ஜூலையில் உயில் எழுதாமல் இறந்தார். 2004 நவம்பரில் உரிமைப் பிரச்சினை இருப்பதை மூத்த மகன் முகேஷ் வெளியில் ஒப்புக்கொண்டார். 2005 ஜூனில் தாய் கோகிலாபென் பாகப்பிரிவினையை அறிவித்தார். அதோடும் முடியவில்லை. எரிவாயுவின் விலை பற்றிய சகோதரர் வழக்கில் 2010 மே மாதம் உச்ச நீதிமன்றம் முகேஷ் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது: நாட்டின் இயற்கை வளத்துக்கு விலை வைப்பது அரசின் அதிகாரம், குடும்ப ஒப்பந்தம் அதைக் கட்டுப்படுத்தாது. அரசு உரிமம் தேவைப்படும் தொழிலில் இரண்டு உறவினர் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் வாக்குறுதியின் எல்லை அது. மறுபுறம் டிவிஎஸ். 1911இல் மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய தொழில், நான்கு மகன்களின் கிளைகளாக வளர்ந்தது. 2020 டிசம்பரில் குடும்ப உடன்பாடு, பிறகு தீர்ப்பாயத்தின் ஒப்புதல், 2022 தொடக்கத்தில் அவரவர் நடத்திவந்த நிறுவனம் அவரவருக்கே என்று பிரிவினை முடிந்தது. முன்பு தருமபுரி மாவட்டத்தில் இருந்த ஓசூரின் மோட்டார் ஆலை, வேணு சீனிவாசன் கிளையிடம் நிலைத்தது. நடத்துபவர் யார் என்பதும் உரிமையாளர் யார் என்பதும் பல ஆண்டுகளாக ஒன்றிப்போயிருந்ததால் ஏட்டை நடப்புக்கு ஏற்பத் திருத்தினால் போதுமாக இருந்தது.

சமூகமே உரிமையாளராக இருந்த இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குத் தூத்துக்குடி சாட்சி. 1921இல் நாடார் வங்கியாகத் தொடங்கி 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறிய வங்கியின் பெரும் பங்குகளை 1990களில் எஸ்ஸார் குழுமம் வாங்கியது. பின்னர் அவை தொழிலதிபர் சி. சிவசங்கரன் வசம் போயின. சமூகத்தார் இயக்கம் நடத்தி, பணம் திரட்டிப் பங்குகளை மீட்க முயன்றார்கள். பங்கு மாற்றப் பதிவு, வழக்கு, வெளிநாட்டு முதலீட்டாளர், நடக்காத பொதுக்கூட்டங்கள் என்று தகராறு ஆண்டுக்கணக்கில் நீண்டு, 2022 செப்டம்பரில்தான் வங்கி பங்குச் சந்தைக்கு வந்தது. நம்ம வங்கி என்ற உணர்வு உண்மையானது, மதிக்கத்தக்கது. ஆனால் ஒவ்வொரு பங்குதாரரும் தனித்தனியே நல்ல விலைக்கு விற்பதை அந்த உணர்வால் தடுக்க முடியவில்லை. வங்கித் துறையில் தடுப்பு நின்றது சட்டத்தால்: தனியார் வங்கியில் ஐந்து சதவீதமோ அதற்கு மேலோ வாங்க ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும். எவ்வளவு பங்கு இருந்தாலும் வாக்கு 26 சதவீதத்தைத் தாண்டாது.

கூட்டுறவுச் சங்கத்திலும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திலும் கணக்கு வேறு. அங்கே பங்கு எத்தனை இருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு. ஆகவே அங்கே அதிகாரம் உறுப்பினர் பட்டியலில் இருக்கிறது. யாரைச் சேர்த்தார்கள், யாரை நீக்கினார்கள், பட்டியல் எப்போது மூடப்பட்டது என்பவையே பார்க்க வேண்டியவை.

இத்தகைய சண்டைகளைப் பார்ப்பவர் ஏமாறும் இடங்களும் உண்டு. இரு தரப்பின் அறிக்கைகளும் வக்கீலின் வாதங்கள்தான். அவற்றில் தியாகியும் துரோகியும் இருப்பார்கள், கணக்கு இருக்காது. வென்றவரின் திறமையாகப் பின்னால் சொல்லப்படுவது பெரும்பாலும் தொடக்கத்திலேயே அவரிடம் இருந்த பெரும்பான்மை. ஆவணங்களை நேரே பார்ப்பது இன்று கடினமில்லை. பட்டியலிட்ட நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாரிடம் எவ்வளவு பங்கு, நிறுவனர் பங்கில் எவ்வளவு அடமானத்தில் என்று பங்குச் சந்தையின் தளத்தில் வெளியிட வேண்டும். கம்பைநல்லூரிலிருந்து ஒரு கைப்பேசியில் அதைப் படிக்கலாம்.

சொந்தத் தொழிலுக்குத் திரும்பினால், பெரும்பாலான சிறு கூட்டுத் தொழில்கள் 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஒப்பந்தத்தில் ஒன்றும் எழுதாவிட்டால் சட்டம் தானாகச் சில விடைகளை வைத்திருக்கிறது, அவை பலருக்கு அதிர்ச்சி தரும். ஒருவர் பத்து லட்சம் போட்டு இன்னொருவர் இரண்டு லட்சம் போட்டிருந்தாலும், எழுதி வைக்காவிட்டால் லாபம் சரிபாதி. கூட்டாளி ஒருவர் இறந்தால், வேறு உடன்பாடு இல்லாதபோது கூட்டே கலைந்துவிடும். மகனைக் கூட்டாளியாகச் சேர்க்க எல்லாருடைய சம்மதமும் வேண்டும். ஒருவரைப் பெரும்பான்மையால் வெளியேற்றும் அதிகாரம் ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் வெளியேற்ற முடியாது. இருந்தாலும் நல்லெண்ணத்துடன்தான் பயன்படுத்த வேண்டும். கூட்டைப் பதிவு செய்யாவிட்டால், ஒப்பந்த உரிமைக்காகக் கூட்டாளி மீதோ வெளியார் மீதோ வழக்குப் போடும் வழி ஏறக்குறைய அடைபடும். கலைத்துக் கணக்குத் தீர்க்க மட்டும் போகலாம்.

பங்குகளுக்கு நியமனதாரர் பெயர் எழுதிவிட்டால் வாரிசுப் பிரச்சினை தீர்ந்தது என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது. நியமனதாரர் நிறுவனத்திடமிருந்து பங்குகளைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே. உரிமை, உயில் இருந்தால் உயிலின்படியும் இல்லாவிட்டால் வாரிசுச் சட்டத்தின்படியும் செல்லும்.

கூட்டாகத் தொழில் நடத்துபவர்கள் இந்த வாரமே ஒப்பந்தப் பத்திரத்தை எடுத்து, மரணம், விலகல், பங்கின் விலையை நிர்ணயிக்கும் முறை, கருத்து சமமாகப் பிரிந்தால் முடிவெடுப்பவர் ஆகிய நான்கும் அதில் இருக்கின்றனவா என்று பார்க்கட்டும். இல்லையென்றால், எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து காபி குடிக்கும் உறவு இருக்கும்போதே எழுதிக் கையெழுத்திட்டுப் பதிவு செய்துவிடட்டும்.